பேய் ஏன் எப்பவும் பொண்ணாவே வருது? செஞ்சியிலிருந்து ஒரு ஹாரர் பேச்சு

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடை அப்படியே இருக்கிறது. ‘சந்திரமுகி’, ‘பீட்சா’, ‘பிசாசு’, ‘சுழல்’ பார்க்காதவர்களுக்கு ஸ்பாய்லர் எச்சரிக்கை.)

இந்த வாரம் ஸ்டூடியோ கிடையாது. எங்க ஊர் செஞ்சியில, வீட்டு மொட்டை மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி காத்து சத்தம் கேட்டா பொறுத்துக்கங்க, எடிட்ல அதை முழுசா எடுக்க முடியல. எதிர்ல ராஜகிரி தெரியுது. எண்ணூறு அடிக்கு மேல உயரம். இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, அந்தப் பக்கம் சந்திரகிரி. மூணு மலையையும் சுத்தி வளைச்ச மதில்.

2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல செஞ்சிக் கோட்டை வந்துச்சு. மராத்தியர்களோட ராணுவக் கோட்டைகள்னு 12 இடங்களை ஒண்ணா சேர்த்தாங்க. அதுல 11 மகாராஷ்டிராவுல, ஒண்ணே ஒண்ணு தமிழ்நாட்டுல. அதுக்கப்புறம் வாரக் கடைசியில பைக்ல வர்ற கூட்டம் அதிகமாயிருக்கு. அவங்கள்ல பாதிப் பேர் என்கிட்ட கேக்குற முதல் கேள்வி: “ப்ரோ, இங்க பேய் இருக்குற ஸ்பாட் எது?”

நான் பேய்க்கதை எழுதுற ஆள்ங்கறதால என்கிட்ட கேக்குறாங்க. தப்பில்ல. ஆனா அந்தக் கேள்விக்கு அடுத்து எப்பவும் இன்னொண்ணு வரும்: “அந்த ராணி செத்தாங்களே, அவங்க ஆவியா?” ராஜா தேசிங்கு 1714-ல ஆற்காடு நவாப் படையோட சண்டை போட்டு செத்தாரு. அவரோட மனைவி உடன்கட்டை ஏறினதா சொல்றாங்க. கவனிச்சீங்களா? அந்தச் சண்டையில நூத்துக்கணக்குல ஆம்பளைங்க செத்திருக்காங்க. தேசிங்கே சின்ன வயசுல செத்தவர்தான். ஆனா ஆவியா யார் வரணும்னு எதிர்பார்க்குறோம்? அந்தப் பொண்ணு.

இந்த எபிசோட் அதைப் பத்திதான். நம்ம படத்துலயும் சீரிஸ்லயும் பேய் ஏன் எப்பவும் பொண்ணாவே வருது? போன எபிசோடுக்கு வந்த மெயில்ல ஒருத்தங்க, “சமீபத்துல வந்த ஹாரர்ல எது நல்லா இருக்கு, எது டைம் வேஸ்ட், சொல்லுங்க”ன்னு கேட்டிருந்தாங்க. ரெண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்றேன்.

ஒரு அட்டெண்டன்ஸ் எடுப்போம்

‘சந்திரமுகி’, 2005. ராஜாவால கொல்லப்பட்ட நடனக்காரி. ‘ஈரம்’, 2009. புருஷனால கொல்லப்பட்ட மனைவி, தண்ணி வழியா வர்றா. ‘காஞ்சனா’, 2011. கொல்லப்பட்ட ஒரு திருநங்கை. ‘பிசாசு’, 2014. விபத்துல செத்த ஒரு பொண்ணு. ‘அரண்மனை 4’, 2024. பிள்ளையைக் காப்பாத்த வர்ற ஒரு அம்மா.

விதிவிலக்கு இல்லாம இல்ல. ‘டிமான்ட்டி காலனி’யில பேய் ஒரு ஆம்பள, பழைய மெட்ராஸ் வியாபாரி. 2024-ல வந்த ரெண்டாவது பாகத்தையும் பார்த்தேன். உழைப்பு தெரியுது. ஆனா என் கருத்து, அந்தப் படம் விதிகளை விளக்குறதுலயே நேரத்தைச் செலவு பண்ணுது. சாவி எங்க, கணக்கு எப்படி, யார் எப்ப சாவாங்கன்னு விளக்கிட்டே இருந்தா மூளை வேலை செய்யும், வயிறு வேலை செய்யாது. பயம் வயித்துல வரணும்.

பொதுவா நம்ம டெம்ப்ளேட் என்ன? பொண்ணுக்கு அநியாயம் நடக்குது, அவ சாகுறா, தலைமுடியை விரிச்சுப் போட்டுட்டு வர்றா, பழி வாங்குறா. கடைசியில ஒரு சாமியார், ஒரு யாகம், பிரம்மாண்டமா ஒரு அம்மன் பாட்டு. முடிஞ்சது.

இது நம்ம ஊர் பழக்கம் மட்டும் இல்ல. 1998-ல ஜப்பான்ல ‘ரிங்கு’ வந்துச்சு. வெள்ளை உடை, முகத்தை மறைச்ச முடி, கிணத்துல இருந்து ஏறி வர்ற பொண்ணு. அதுக்கப்புறம் உலகம் முழுக்க அந்த முடிதான். அங்கயும் அது பழைய நாடகத்துல, ஓவியத்துல இருந்து வந்த உருவம். வாழும்போது பேச விடாதவங்க செத்தப்புறம் வந்து பேசுவாங்கங்கற குற்ற உணர்ச்சி எல்லா ஊர்லயும் இருக்கு போல.

சரி, அப்போ இதுல என்ன பிரச்சினைன்னு கேப்பீங்க. பிரச்சினை இல்ல. ஆனா செஞ்சி பக்கத்துல நிஜமா பேய் ஓட்டுற இடத்துல போய்ப் பார்த்தா, கதை தலைகீழா இருக்கு.

நிஜத்துல பேய் ஒரு பையன்

செஞ்சியில இருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம் போனா மேல்மலையனூர். அங்காளம்மன் கோயில். ஒவ்வொரு அமாவாசை ராத்திரியும் ஊஞ்சல் உற்சவம் நடக்கும், பஸ் பஸ்ஸா ஜனங்க வருவாங்க. மாசி மாசம் சிவராத்திரிக்கு அடுத்து மயானக் கொள்ளை.

அந்தக் கோயிலோட கதையே ஒரு ஹாரர் கதைதான். சிவன் பிரம்மாவோட அஞ்சாவது தலையைக் கிள்ளிடுறாரு. அந்தக் கபாலம் அவர் கையில ஒட்டிக்குது. பிச்சை போடுற சோறு எல்லாத்தையும் அதுவே தின்னுடுது, அவர் பசியோட அலையுறாரு. கடைசியில அம்மன் மயானத்துல சோத்தைச் சூறை விடுறா. ருசி பழகின கபாலம் கையை விட்டு இறங்கி வருது. அப்ப அம்மன் விஸ்வரூபம் எடுத்து அதை மிதிச்சுடுறா. இங்க மயானத்துக்கு வந்து பயத்தை முடிச்சு வைக்கிறது ஒரு பொண்ணு.

1990-கள் தொடக்கத்துல இசபெல் நபொகோவ்னு ஒரு மானுடவியலாளர் இந்தப் பகுதியில தங்கி, பேய் ஓட்டுற சடங்கு, குறி சொல்றது எல்லாத்தையும் பதிவு பண்ணாங்க. அது 2000-ல ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடா புத்தகமா வந்துச்சு. நான் அதை காலேஜ் முடிச்சப்புறம்தான் படிச்சேன். படிச்ச அன்னிக்கு, நான் எழுதின கதை எல்லாமே தப்போன்னு தோணிச்சு.

அவங்க பார்த்தது இதுதான். பேய் பிடிச்சதா கூட்டிட்டு வர்றவங்கள்ல பெரும்பாலும் புதுசா கல்யாணம் ஆன பொண்ணுங்க. அவங்களைப் பிடிச்ச பேய் பெரும்பாலும் ஆம்பள. அதுவும் வயசுப் பையன். காதல் கைகூடாம தற்கொலை பண்ணிக்கிட்டவன். ஒத்தையடிப் பாதையில, வயக்காட்டுல தனியாப் போற பொண்ணைப் பார்த்து ஆசைப்பட்டுப் பிடிச்சுக்கிட்டான்னு சொல்வாங்க.

அறிகுறி என்ன? புருஷன்கூட வாழப் பிடிக்கல. சாப்பாடு இறங்கல. அம்மா வீட்டுக்குப் போகணும்ங்கறா. எதுக்கெடுத்தாலும் கோவம்.

பம்பை அடிப்பாங்க. சத்தம் ஏற ஏற அந்தப் பொண்ணு ஆட ஆரம்பிப்பா. அப்ப பேயைப் பேச வைப்பாங்க. நீ யாரு, எந்த ஊரு, எங்க பிடிச்ச, என்ன வேணும், எப்பப் போவ? எல்லாம் அவ வாயில இருந்துதான் வரும், ஆனா அவன் பேர்ல. கடைசியில உச்சிமுடியை ஒரு கொத்து முடிச்சுப் போட்டு, புளியமரத்துல ஆணி அடிச்சு, அறுத்து விட்டுடுவாங்க. பேய் மரத்துக்குப் போயிடுச்சு, பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போகலாம்.

நபொகோவ் அதை எப்படிப் படிக்கிறாங்கன்னா, காதலனை வெளிய அனுப்பிட்டு மனைவியைத் திரும்ப எடுத்துக்கற சடங்கு இது. அந்தப் பொண்ணு மனசுல இருக்கிற தூரத்துக்கு ஒரு பேரும் முகமும் கொடுத்து, அது அவளோடது இல்ல, எவனோ ஒருத்தனோடதுன்னு ஆக்கி வெட்டி எடுத்துடுறது. அவளுக்கு அது நிம்மதியா இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். ஆனா குடும்பத்துக்கு வேண்டியது கிடைச்சுடுது.

இப்ப சினிமாவோட ஒப்பிட்டுப் பாருங்க. சினிமாவுல பயங்கரம் பொண்ணு, பாதிக்கப்படுறது ஆம்பள, பெரும்பாலும் ஹீரோ. இங்க பயங்கரம் ஆம்பள, பாதிக்கப்படுறது பொண்ணு. நம்ம திரைக்கதை எழுதுறவங்க பக்கத்து ஊருக்கு ஒரு தடவை பஸ் ஏறிப் போயிருந்தா, வேற மாதிரி படங்கள் வந்திருக்கும்.

எங்க அத்தை

இதை அத்தைகிட்ட கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது எங்க அத்தைக்குப் பேய் ஓட்டினாங்க. எந்த ஊர், எந்த இடம்னு சொல்லல, அது முக்கியம் இல்ல. கல்யாணம் ஆகி ஆறு மாசம். நான் எங்க ஆயா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பம்பை சத்தம் இன்னமும் காதுல இருக்கு. அத்தை தொண்டை கட்டின குரல்ல ஏதோ ஒரு பையன் பேரைச் சொன்னாங்க. முடியை அறுத்தாங்க. ஆயா என்கிட்ட, “ஒண்ணுல்ல கண்ணு, அத்தைக்கு சரியாப் போச்சு”ன்னு சொன்னாங்க. அடுத்த வாரம் அத்தை அவங்க வீட்டுக்குத் திரும்பிப் போயிட்டாங்க.

இருபது வருஷம் கழிச்சு நான் எழுதின முதல் பேய்க்கதை அதுதான். ஒரு சின்னப் பத்திரிகையில வந்துச்சு. விரிச்ச முடி, மாறின குரல், சிவந்த கண்ணு, எல்லாம் போட்டிருந்தேன். நிறையப் பேர் பாராட்டினாங்க. ராத்திரி தூக்கம் வரலன்னு சொன்னாங்க. எனக்குப் பெருமை.

அத்தையும் படிச்சாங்க. படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் கேட்டாங்க: “பேய் பேசினதெல்லாம் ஞாபகம் வச்சு எழுதிட்ட. அதுக்கு முன்னாடி நான் பேசினதை யாராவது எழுதுவீங்களா?”

அதுக்கு முன்னாடி என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது. அப்பதான் சொன்னாங்க. கல்யாணம் ஆன மூணாவது மாசத்துல இருந்து, ஒவ்வொரு தடவை வீட்டுக்கு வரும்போதும் ஆயாகிட்ட சொல்லியிருக்காங்க: “அந்த வீட்ல பொழுது சாஞ்சா எனக்குப் பயமா இருக்கும்மா.” மூணு தடவை சொல்லியிருக்காங்க. ஆயா கெட்டவங்க இல்ல. “எல்லாம் பழகிடும்”னு அனுப்பி வச்சிருக்காங்க. நாலாவது தடவை அத்தை பேசல. பேய் பேசிச்சு.

என் கதையில எல்லாரும் பயந்தது எங்க அத்தையைப் பார்த்து. ஆனா அங்க நிஜமா பயந்துக்கிட்டு இருந்தது எங்க அத்தை. நான் கேமராவைத் தப்பான பக்கம் வச்சிருந்தேன்.

அன்னியில இருந்து எந்த ஹாரர் பார்த்தாலும் எனக்கு ஒரே அளவுகோல்தான்: இங்க யார் பயப்படுறாங்க? அவங்க பக்கம் கேமரா இருக்கா?

அந்த அளவுகோல்ல சமீபத்துப் படங்கள்

‘பிரமயுகம்’, மலையாளம், 2024. ராகுல் சதாசிவன் இயக்கம், மம்மூட்டி. முழுக்கக் கறுப்பு வெள்ளை. பதினேழாம் நூற்றாண்டு, ஓடி வந்த ஒரு பாணன் ஒரு பெரிய மனைக்குள்ள அடைக்கலம் கேட்டுப் போறான். சாப்பாடு கிடைக்குது, ஆனா வெளிய போக முடியல. பயம் எங்க வருதுன்னா, அந்த வீட்டுக்காரர் அவனை மரியாதையா உட்காரச் சொல்லும்போது. சாதியில கீழ வச்சிருக்கிற ஒருத்தனுக்கு மேல இருக்கிறவன் கருணை காட்டினா, அதுக்கு விலை என்னங்கற பயம். ஜம்ப் ஸ்கேர் கம்மி. சமீப வருஷங்கள்ல நான் பார்த்ததுல எனக்கு இதுக்குத்தான் முதல் இடம்.

‘ஸ்த்ரீ 2’, இந்தி, அதே வருஷம். வசூல் பெருசு. முதல் பாகத்துல ஆம்பளைங்களைத் தூக்கிட்டுப் போற பெண் பேய். ரெண்டாவதுல தலையில்லாத ஒரு ஆம்பளப் பேய், நாகரிகமா இருக்கிற பொண்ணுங்களாப் பார்த்துத் தூக்குது. ஐடியா பிரமாதம். ஆனா ஒவ்வொரு தடவை பயம் வரும்போதும் ஒரு ஜோக்கைப் போட்டு நம்மளைக் காப்பாத்திடுறாங்க. சிரிச்சுட்டு வெளிய வந்தேன். சும்மா சொல்லக் கூடாது, நல்லா சிரிச்சேன்.

‘அரண்மனை 4’. அஸ்ஸாம் நாட்டுப்புறக் கதையில வர்ற ‘பாக்’கை எடுத்துட்டு வந்தாங்க. செத்தப்புறமும் பிள்ளையைப் பார்த்துக்கற அம்மாங்கறது நல்ல கரு. ஆனா படம் அவ மேல நிக்கவே மாட்டேங்குது, காமெடி ட்ராக்குக்கு ஓடிடுது. அப்புறம் ஒரு சந்தேகம். அஸ்ஸாம் வரைக்கும் போனவங்க திண்டிவனம் பக்கம் ஏன் வரல?

‘சுழல்’, பிரைம் வீடியோ, 2022. புஷ்கர்-காயத்ரி உருவாக்கினது. பேய் சீரிஸ் இல்ல, க்ரைம். ஆனா மயானக் கொள்ளைத் திருவிழா நாள் நாளா நகர, கதையும் கூடவே நகரும். எங்க பக்கத்து ஆளா எனக்கு ஒரு குறை உண்டு. மயானக் கொள்ளை இந்தச் சமவெளியோட, இந்த வெயிலோட திருவிழா. அதை மலைப்பாங்கான ஒரு கற்பனை ஊர்ல வச்சதும் பாதி வாசனை போயிடுச்சு. வேஷத்தையும் கலரையும் எடுத்துக்கிட்டு மண்ணை விட்டுட்டாங்க. இருந்தாலும் கடைசியில பயங்கரம் வெளிய இருந்து வரல, வீட்டுக்குள்ள, பிள்ளைங்க நம்பின ஆள்கிட்ட இருந்து வருதுன்னு காட்டினாங்க பாருங்க, அந்த ஒரு முடிவுக்காக எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன். 2025-ல வந்த ரெண்டாவது சீசன்ல அஷ்டகாளித் திருவிழா. முதல் சீசன் அளவுக்கு அது என்னைப் பிடிச்சு வைக்கல.

பழசுல ரெண்டு சொல்லணும். ‘பிசாசு’ படத்துல பேய் அவனைப் பழி வாங்க வரலன்னு தெரியுற இடம். தன்னைச் சாகடிச்சவன் மேல அதுக்கு அன்பு. மிஷ்கின் அங்க பயத்தைத் துக்கமா மாத்திடுறாரு. இன்னொண்ணு ‘பீட்சா’, 2012. அதுல பெரும்பாலும் ஒருத்தன் சொன்ன கதைதான் பேய். மத்தவங்க பயத்தை வச்சு ஒருத்தன் வேலையை முடிச்சுக்கறான். பேய் ஓட்டுற இடத்துலயும் இந்தக் கேள்வியைக் கேக்கலாம்: இந்தக் கதையால யாருக்கு லாபம்?

புத்தகப் பக்கம்

1940-கள்லயே புதுமைப்பித்தன் ‘காஞ்சனை’ எழுதிட்டாரு. ஒரு எழுத்தாளர் வீட்டுக்கு அவர் மனைவி ஒரு பிச்சைக்காரியைக் கூட்டிட்டு வந்து வேலைக்கு வச்சுக்கறா. அவ யாரு, என்னங்கறது கடைசி வரைக்கும் பிடிபடாது. புருஷனுக்கு பயம், மனைவிக்கு இல்ல. எண்பது வருஷம் ஆகியும் தமிழ்ல அதைத் தாண்டின பேய்க்கதை எனக்குத் தெரிஞ்சு கம்மி. அந்தப் பேரை மட்டும் எல்லாரும் எடுத்துக்கிட்டோம்.

இந்திரா செளந்தர்ராஜன் 2024 நவம்பர்ல காலமானாரு. உங்கள்ல பலர் பிறக்குறதுக்கு முன்னாடி, 90-கள்ல, நாகா இயக்கத்துல அவரோட ‘மர்மதேசம்’ டிவியில வந்துச்சு. ‘விடாது கருப்பு’ போடுற நேரத்துல எங்க தெருவுல ஒரு ஆள் நடமாட்டம் இருக்காது. அவரோட பலம், இது சாமியா, மனுஷனா, மனசாங்கற கேள்வியை வாரக்கணக்குல தொங்க விட்டது. அந்தக் குதிரைக் குளம்புச் சத்தத்துக்கு இன்னிக்கும் கிராபிக்ஸ் ஈடாகாது. ஜெயமோகனோட ‘நிழல்வெளிக் கதைகள்’ இன்னொரு வழி. பேயை வச்சு மனசோட அடித்தளத்தைப் பார்க்குற கதைகள். வேகமாப் படிக்காதீங்க, ராத்திரிக்கு ஒண்ணு போதும்.

படமாகாம கிடக்குற ரெண்டு கதை

செஞ்சிக்குப் பக்கத்துல மேலச்சேரி. பழைய செஞ்சின்னு சொல்லுவாங்க. அங்க ஒரு திரௌபதி அம்மன் கோயில். ஆல்ஃப் ஹில்டெபைடல்ங்கற ஆய்வாளர் திரௌபதி வழிபாட்டைப் பத்தி எழுதின முதல் தொகுதிக்கு ‘செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை’ங்கற மாதிரி துணைத் தலைப்பு வச்சாரு, அந்த அளவுக்கு இந்த ஊர் அதுல முக்கியம். அங்க சொல்ற ஒரு கதை: செஞ்சி ராஜாவுக்குத் தொல்லை கொடுத்த நூறு தலை அசுரன். கடைசித் தலையை வெட்டி யார் கீழ விழ வைக்கிறாங்களோ, அவங்க தலை வெடிச்சுடும். திரௌபதி வெட்டுறா. அந்தத் தலை கீழ விழாம இருக்க, அவளோட காவல்காரன் போத்துராஜா அதைக் கையிலயே பிடிச்சுக்கறான். இன்னிக்கும் கோயில்கள்ல அவன் சிலை கையில ஒரு தலை இருக்கும். யோசிச்சுப் பாருங்க, கையை இறக்கவே முடியாத ஒரு காவல்காரன். அவனுக்குத் தூக்கம் வந்தா என்ன ஆகும்? இதை ஏன் யாரும் படமா எடுக்கல?

இன்னொண்ணு, கோட்டைக்குள்ள சக்கரக்குளம் பக்கத்துல ஒரு பெரிய பாறை. உள்ள இயற்கையாவே குடைஞ்ச பள்ளம், மேல செங்கல் சுவர். மரண தண்டனைக் கைதிகளை அதுக்குள்ள இறக்கிட்டு, பசியிலயும் தாகத்துலயும் சாக விட்டுடுவாங்கன்னு சொல்றாங்க. “பேய் ஸ்பாட் எது”ன்னு கேக்குறவங்களை அங்கதான் கூட்டிட்டுப் போறேன். எட்டிப் பார்த்துட்டு, “இங்க பேய் இருக்கா?”ம்பாங்க. இல்லம்பேன். இங்க ஒரு சட்டம் இருந்துச்சு, அதுக்குக் கீழ்ப்படிஞ்ச ஆளுங்க இருந்தாங்க. அவ்வளவுதான்.

கடைசியா

‘மணிச்சித்திரத்தாழ்’, அதோட தமிழ் வடிவம் ‘சந்திரமுகி’. ரெண்டுலயும் ஒரு மனநல மருத்துவர் ஹீரோ. நல்ல விஷயம். ஆனா அவரும் கடைசியில சடங்கை நாடகமா நடத்தித்தான் குணமாக்குறாரு. கைதட்டினோம். அந்த ஞாபகத்துலதான் இன்னிக்கும் நிறைய வீடுகள்ல, பேசாம இருக்கிற பொண்ணுக்கும் தூங்காம இருக்கிற பையனுக்கும் முதல்ல கயிறு, அப்புறம் மரம், ரொம்ப லேட்டா டாக்டர்னு வரிசை போகுது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில ஏர்வாடியில, மனநலம் பாதிக்கப்பட்டவங்களை வச்சிருந்த ஒரு கொட்டகை தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க. சங்கிலியால கட்டியிருந்ததால ஓட முடியல. நான் எழுதுற எந்தக் கதையும் அதுக்குப் பக்கத்துல வராது, வரவும் கூடாது.

கோயிலுக்குப் போகாதீங்கன்னு நான் சொல்லல. மேல்மலையனூர் அமாவாசை ராத்திரிக்கு நானே போவேன். ஆனா உங்க வீட்ல, ஃப்ரெண்ட்ஸ்ல யாராவது “பயமா இருக்கு”ன்னு சொன்னா, முதல் தடவையே உட்கார்ந்து கேளுங்க. டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்ல, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம்.

அத்தை இப்ப நல்லா இருக்காங்க. அந்த வீட்ல இல்ல, தனியா, தையல் மெஷின் வச்சுக்கிட்டு. இந்த எபிசோடை முதல்ல அவங்களுக்குத்தான் போட்டுக் காட்டினேன். “காத்து சத்தம் ரொம்ப இருக்கு”ன்னாங்க.

அடுத்த வாரம், படமாகாம போன அந்தப் போத்துராஜா கதையை நானே எழுதிப் பார்த்திருக்கேன், அதைப் படிக்கிறேன். உங்க ஊர்ல பேய் ஆம்பளையா, பொம்பளையான்னு எழுதி அனுப்புங்க. பத்திரமா இருங்க.